லைன்: நேர்ப்பொருளும் குறிப்புப் பொருளும்

ஒரு சொல்லுக்கு நேர்ப்பொருள் ஒன்று, குறிப்புப் பொருள் ஒன்று என்று இலக்கண வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நேர்ப்பொருள் எல்லாருக்கும் பொது, குறிப்புப் பொருள் புலவனுடைய கைவேலை என்பது அந்தப் பாடத்துக்குள் ஒளிந்திருக்கிற எண்ணம். அந்த எண்ணத்தோடு எனக்கு நெடுநாளாகச் சண்டை. எந்தப் பொருள் யாருக்கு நேர்ப்பொருளாக வாய்க்கிறது என்பதைச் சாதியும் கூலியும் தீர்மானிக்கின்றன. தமிழ் எம்.ஏ. புத்தகங்களில் இதற்கு எடுத்துக்காட்டு கிடைக்காது என்பதால் தோட்டத்துச் சொல் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். லைன்.

இங்கிலீஷ் சொல்தான். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த யாரும் அப்படி நினைப்பதில்லை. என் அம்மாயிக்கு நாற்பது ஐம்பது இங்கிலீஷ் சொற்கள் தெரியும். அதில் ஒன்றுகூட இங்கிலீஷ் என்று அதுக்குத் தெரியாது.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று காதுகொடுத்துக் கேளுங்கள். கரண்டு லைன் அறுந்துபோச்சு. டிக்கெட்டுக்கு லைன்ல நில்லு. அவன் அந்தப் புள்ளைக்கு லைன் விடுறான். அண்ணன் இப்ப எந்த லைன்ல இருக்காரு, ரியல் எஸ்டேட்டா? இந்த டவுன் பேச்சில் லைன் என்றால் முதலில் கோடு, அல்லது வரிசை. மற்ற பொருளெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. எங்களுக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. லைன் என்றால் முதலில் வீடு. கோடு பிறகு வந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் சிலேட்டில் ஒரு லைன் போடச் சொன்னதுக்குத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று கூரையும் கதவும் வரைந்து நீட்டியதாக எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. யார் கட்டிவிட்டதோ தெரியாது. ஆனால் டவுனில் சொன்னால் சிரிக்கிறார்கள், லைனில் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

லைனைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி எட்டோ பத்தோ பன்னிரண்டோ அறைகள். முன்னால் ஒரு திண்ணை. பழைய லைன்களில் இரண்டு வரிசையை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியிருப்பார்கள்; அப்படிப்பட்ட அறைக்குப் பின்வாசலும் கிடையாது, பின்பக்கக் காற்றும் கிடையாது. சிலோன் தோட்டங்களில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் என்பது பொதுவான அளவு. அதற்குள் சமையல், பிரசவம், கல்யாணம், சாவு. தடுப்புச் சுவர் பல இடங்களில் கூரைவரைக்கும் போகாது. ஒரு வீட்டு அடுப்புப் புகை ஆறாவது வீட்டில் இருமும். புருஷன் பெண்டாட்டி ரகசியம் பேச வேண்டுமென்றால் தேயிலைக்காட்டுக்குத்தான் போக வேண்டும். கட்டினவன் வீடு என்று நினைத்துக் கட்டவில்லை. அவனுக்கு வேண்டியது ஆள் வரிசை. ஆளை நிறுத்துகிற வரிசைக்குக் கூரை போட்டால் அதற்குப் பெயர் லைன்.

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? இலத்தீனில் லினும் என்றால் சணல்போல நார் தருகிற ஆளிச்செடி. அந்த நாரில் திரித்த நூல் லினியா. நூல் பிடித்தால் நேராக நிற்கும், அதனால் கோடு. கோட்டில் கூடாரம் அடித்தது பட்டாளம். குதிரை கட்டுகிற வரிசை லைன், சிப்பாய் படுக்கிற வரிசை லைன், பிறகு போலீஸ் லைன். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இன்றைக்கும் கண்டோன்மென்ட் இருக்கிறது. அதன் பாரக்ஸ் 1850களில் எழும்பியது. அப்போது அந்த இடத்துக்குப் பெயர் ஜக்கதளா. சிலோனில் முதன்முதலில் காப்பித் தோட்டம் போட்டவர்களிலும் பட்டாள அதிகாரிகள் கணிசம். கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் வாட்டர்லூ யுத்தத்தில் இருந்த ஆள். கன்னொருவையில் அவருக்குச் சொந்தமாகக் காப்பித் தோட்டம் இருந்தது.

தோட்டத்துத் தமிழைக் கொஞ்சம் கிளறினால் பட்டாளம் வரிசையாக எழுந்து வருகிறது. காலையில் ஆள் எண்ணுகிற இடம் மஸ்டர். சிலோனில் அதே இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பேர், பெரட்டு என்பது பரேடு. விடியுமுன் தப்படித்து லைனை எழுப்பினார்கள், அதுக்குப் பெரட்டுத் தப்பு. அடித்தவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊரில் சாவுக்கு அடிக்க வைத்த கையை மலையில் வேலைக்கு எழுப்ப அடிக்க வைத்தார்கள். தேயிலைச் செடியை வெட்டி மட்டம் பண்ணுவது கவாத்து. உருதிலிருந்து வந்த சொல். பட்டாளத்தின் பயிற்சி நடைக்கும் அதே பெயர்தான். செடிக்கும் கவாத்து, சிப்பாய்க்கும் கவாத்து. கொழுந்து பறிக்கப் பிரித்துவிடுகிற செடி வரிசை மட்டும் தமிழ், நிரை. அம்மாயி நெரை என்று சொல்லும். வெட்சித் திணையில் நிரை என்றால் ஆநிரை என்று நான் எம்.ஏ.யில் படித்தேன். அம்மாயியிடம் சொன்னபோது, "ஆமா, நாங்களும் மாடு மாதிரித்தானே நெரை புடிச்சோம், படிக்காமயே தெரியுமே" என்றது.

ஆக, லைன் என்ற சொல்லின் நேர்ப்பொருளே ஒரு கட்டளை. வரிசையில் நில், வரிசையில் தூங்கு, வரிசையில் எழுந்திரு. மேல்தட்டு இங்கிலீஷில் வரிசைக்குள் இரு என்பது அடங்கி நட என்பதற்கான உவமை. எங்களுக்கு அது உவமையாக வரவில்லை. செங்கல்லும் தகரமுமாக வந்தது.

லைன் எல்லாரையும் சமமாக்கியது, ஒரே அளவு அறையில் சாதி செத்துப்போனது என்று சில இடதுசாரித் தோழர்கள் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. சிலோனில் மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து ஆர். ஜெயராமன் எழுதிய புத்தகம் 1975இல் வந்தது. கடல் தாண்டியும் சாதி எப்படித் தொடர்ந்தது என்பதே அதன் பேச்சு. குடியான சாதிகள் ஒரு பக்கம், பள்ளர், பறையர், சக்கிலியர் ஒரு பக்கம். மலையகம் போனவர்களில் பெரும்பகுதி நம் சனம்தான். ஆனால் ஆள் பிடித்துப்போன கங்காணிகளில் பெரும்பாலோர் குடியானவர்கள், அவர்கள் வைத்ததுதான் அங்கே ஒழுங்கு. எந்தச் சாதிக்கு எந்த லைன் என்று பிரித்துவைத்த தோட்டங்கள் உண்டு. துரைக்கு அதில் நஷ்டமில்லை. வெள்ளைக்காரன் போட்ட கோட்டின் மேலேயே கங்காணி இன்னொரு கோடு போட்டுக்கொண்டான். தமிழில் கோடு என்றால் மலையுச்சி என்றும் பொருள், கோடுதல் என்றால் வளைதல், நடுநிலை தவறுதல். இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிய இடம் தேயிலைத் தோட்டம்.

இலக்கணத்தில் இடவாகுபெயர் என்று ஒன்று. ஊர் சிரித்தது என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள் என்று பொருள். அந்த ஊரில் சேரி சேராது என்பதை எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. மலையில் லைனும் அப்படி ஆகுபெயராயிற்று. "அது லைன்காரப் பொண்ணு." "லைன் பசங்க கூடச் சேராதே." இதைச் சொல்கிறவன் சாதி பேசுவதாக ஒப்புக்கொள்ள மாட்டான், இடத்தைத்தான் சொன்னேன் என்பான். நான் படித்த ஒரு கல்லூரி விடுதியில் முதல் நாளே கேட்டார்கள்: "எந்த ஊரு?" கோத்தகிரிப் பக்கம் என்றேன். "எஸ்டேட்டா? லைனா?" இரண்டாவது கேள்வி முடிந்ததும் மூன்றாவது கேள்விக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. சாதியைக் கேட்டால் சட்டம் இருக்கிறது. லைனைக் கேட்டால் எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது? எனக்கு நேர்ப்பொருளாக இருந்த சொல்லை அவன் குறிப்புப் பொருளாக எடுத்து என்மேல் எறிகிறான். எறிகிற உரிமை அவனிடம் இருக்கிறது. குறிப்புப் பொருள் புலவனின் கைவேலை என்பதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

சிலோனில் லைன் லயமாயிற்று. லயத்துக் காம்பரா என்பார்கள். சங்கீதக்காரருக்கு லயம் என்றால் தாளம் பிசகாமை, தத்துவக்காரருக்கு ஒன்றில் ஒடுங்கிக் கரைவது. இங்கிலீஷ் லைன் தமிழன் வாயில் புரண்டு சமஸ்கிருதச் சொல்லின் வேஷத்தில் வந்து உட்கார்ந்தது தற்செயல்தான். அந்தத் தற்செயலை வைத்து மேடையில் அழகு பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஏழு பேர் படுத்தால் லயம் தானாக வரும்!

அந்த லயத்திலிருந்துதான் எங்கள் சனம் இங்கே வந்தது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பலாப்பழம் அரிகிற மாதிரி. யார் வீட்டில் யாரும் வந்து கேட்கவில்லை. வந்தவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று காகிதத்தில் எழுதினார்கள். என் அம்மா அட்டன் பக்கம் பிறந்த பிள்ளை. தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறவரைக்கும் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பார்க்காத இடத்துக்கு எப்படித் திரும்புவது என்று அம்மா இன்றைக்கும் கேட்கும். அங்கே தோட்டக்காட்டான் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள்.

இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் காட்டிலாகாவின் திட்டமாக அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது, 1976இல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. வேறு பலர் தனியார் தோட்டங்களுக்குப் போனார்கள், எங்கள் குடும்பம் அந்த வகை. அரசு கட்டினாலும் தனியார் கட்டினாலும் கட்டினது லைன்தான். அரசின் தோட்டங்கள் காட்டை அழித்து எழுந்தவை, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக் காடுகளில் பணியரும் காட்டுநாயக்கரும் வாழ்ந்துவந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. எங்களுக்குப் போட்ட லைன் அவர்கள் நடந்துபோன தடத்தை வெட்டிக்கொண்டு போனது. இரண்டு கூட்டத்தையும் எதிரெதிரே நிறுத்துவது இப்போதும் சிலருக்குச் சௌகரியமாக இருக்கிறது.

இனி வீடு என்கிற சொல்லுக்கு வருகிறேன். அறம், பொருள், இன்பம், வீடு. இதில் வீடு என்பது விடுதலை. விடு என்ற வினையிலிருந்து வந்தது. வேலையை விட்டு வந்து தங்குகிற இடமும் வீடு, பிறவியை விட்டுப் போகிற இடமும் வீடு என்று தமிழ் வாத்தியார்கள் அழகாக விளக்குவார்கள். தோட்டத்தில் இந்த வேர்ச்சொல் வேறு மாதிரி வேலை செய்கிறது. வேலையை விட்டால் வீட்டை விடு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தருவது முதலாளியின் கடமை என்று அது சொன்னது. 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. கடமை நல்லதுதான். ஆனால் வேலை செய்கிறவரைக்கும்தான் அது கடமை. வீடு என்பது கூலியின் ஒரு பகுதி. அரிசி உளுத்துப்போவதுபோல வயசாக ஆகக் கரைந்துபோகிற கூலி.

அம்மாயி ஓய்வு பெற்ற பிறகு வந்த கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம், எல்லாத் தோட்டத்திலும் அந்தக் கடிதம் ஒரே மாதிரிதான் இருக்கும். லைனைக் காலி செய்துகொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்றிருந்தது. அம்மாயி கேட்டது: "நான் வந்தப்ப அந்தச் சுவத்துல சுண்ணாம்பு கூட இல்ல. மண்ணு நான் பூசுனது. தரை நான் மொழுகுனது. மூணு பிள்ளை அங்க பெத்தேன், ஒண்ண அங்கயே புதைச்சேன். இப்ப யாரு வீட்ட யாரு காலி பண்ணச் சொல்றாங்க?" இது சட்டக் கேள்வி இல்லை என்று வக்கீல் சொன்னார். அறக் கேள்வி என்றால் அதற்கு நீதிமன்றம் எது என்று நான் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான், சிரித்தார்.

திருநெல்வேலி மாஞ்சோலையிலும் இதுவே நடந்தது. கூலிக்காகப் போராடி ஜெயிலுக்குப் போனவர்களை விடச் சொல்லி 1999 ஜூலை 23இல் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போன சனத்தைத் தாமிரபரணிக்குள் விரட்டினார்கள், 17 பேர் செத்தார்கள். பிபிடிசியின் குத்தகை 2028வரை இருந்தும் 2024இலேயே விருப்ப ஓய்வு என்ற பேரில் லைனைக் காலி செய்யச் சொன்னார்கள். விருப்ப ஓய்வு என்பதில் விருப்பம் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் எது, குறிப்புப் பொருள் எது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். நீலகிரியிலும் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டிலாகாவிடம் திருப்பிக் கொடுப்பதென்று 2022இல் முடிவாயிற்று. செடி காடாகும். லைன் என்னவாகும் என்ற கேள்வியோடு சனம் தெருவுக்கு வந்தது.

லைனை விட்டவர்கள் எங்கே போகிறார்கள்? காலனிக்கு. இதுவும் இங்கிலீஷ். இதன் வேரும் இலத்தீன்தான், உழுகிறவன் குடியேறுகிற இடம் கொலோனியா. நாடு பிடித்தவன் அதைப் பெரிதாக்கினான். தமிழ்நாட்டில் அது இரண்டாகப் பிளந்தது. பேங்க் காலனி, ரயில்வே காலனி என்றால் மாதச் சம்பளக்காரர். வெறுமனே காலனி என்றால் நாம். முன்னால் ஒரு சொல் ஒட்டினால் கௌரவம், ஒட்டாவிட்டால் இழிவு. 2025 ஏப்ரல் 29இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் அது மாறிவிட்டது என்பது காரணம். நான் அதை வரவேற்கிறேன். ரேஷன் கார்டில் அந்தச் சொல் இருந்ததால் வேலை இடத்தில் பட்ட அவமானத்தை என்னிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு.

வரவேற்ற பிறகும் ஒரு நெருடல் இருக்கிறது. பெயர் மாற்றம் நமக்குப் புதிதல்ல. 1922இல் எம்.சி. ராஜா முயற்சியில் சென்னை மாகாண அரசு பறையர், பஞ்சமர் என்பதை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுதத் தொடங்கியது. அது நாம் கேட்டு வாங்கியது. 1938 ஜனவரியில் பம்பாய் சட்டசபையில் ஹரிஜன் என்ற பெயரைச் சட்டத்தில் ஏற்றப் பார்த்தபோது அம்பேத்கரும் தோழர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். அது நம்மேல் ஒட்டப்பட்டது. அதற்கெல்லாம் முன்னால் இதே நீலகிரியில் 1891 டிசம்பர் 1இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானம் போட்டார். பிறகு தமிழன் பத்திரிகையில் சொல் சொல்லாக எடுத்து, நம்மேல் ஏற்றின பொருளை உரித்துக் காட்டியவரும் அவர்தான். அவர் சொன்ன வேர்ச்சொல் விளக்கமெல்லாம் சரியா என்று பல்கலைக்கழகத்தில் இன்னும் எடை போடுகிறார்கள். போடட்டும். தன் மேல் எறிந்த சொல்லைப் பிடித்து வைத்துக்கொண்டு, எறிந்தவனைக் கேள்வி கேட்டார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதனால் நான் கேட்கிறேன்: பொருள் மாறாதபோது சொல்லை மாற்றுவது அறமா? காலனி என்ற சொல்லை வசையாக்கியது உள்ளே இருப்பவர்கள் அல்ல. அதை எடுப்பதில் நமக்கு இழப்பில்லை. லைன் விஷயம் அப்படி இல்லை. இப்போது தோட்டங்களில் போர்டு மாற்றுகிறார்கள். தொழிலாளர் குடியிருப்பு என்று பச்சை பெயின்டில் எழுதுகிறார்கள். கூரை அதே கூரை. குடி என்ற சொல்லையும் பாருங்கள். குடியான சாதி என்றபோது நாங்கள் அதில் இல்லை, குடியுரிமை என்றபோது 1948இல் எங்களை வெளியே தள்ளினார்கள். இப்போது பட்டா இல்லாத கூரைக்குக் குடியிருப்பு என்று பேர் வைத்து உள்ளே கூப்பிடுகிறார்கள். லைன் என்ற சொல் அசிங்கமானதாக இருக்கலாம், ஆனால் அது பொய் சொல்லவில்லை.

போன வருஷம் ஓய்வு பெற்ற பெண்களுக்காக மனு எழுத உட்கார்ந்தோம். நான் மனுவில் குடியிருப்பு என்றே எழுதிக்கொண்டு போனேன், மனுத் தமிழ் அப்படித்தானே. எழுபது தாண்டிய அக்கா ஒருத்தர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தங்கம், லைன்னே எழுது" என்றார். ஏன்க்கா என்றேன். "குடியிருப்புன்னு எழுதுனா மேல உக்காந்திருக்கவன் ஏதோ பங்களா நெனச்சுக்குவான். நாம லைன்ல கெடக்கோம். லைன்லருந்து போகச் சொல்றான். போறதுக்கு வீடு கேக்குறோம். மூணும் வேற வேற." மனுவில் மூன்று சொல்லையும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். கலெக்டர் ஆபீசில் வாங்கின எழுத்தர் கதவு எண் கேட்டார். எங்களிடம் லைன் எண்தான் இருந்தது.

லைனுக்குள்ளிருந்து அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் முளைத்திருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லைன் முழுக்க அடுப்பு எரியாது. "லைனு பட்டினி" என்பார்கள். ஒரு பிள்ளை பத்தாவது பாஸ் பண்ணினால் "நம்ம லைனு பாஸாயிருச்சு." கூரைவரை போகாத அதே சுவர் வழியாகத்தான் ராத்திரி அடி வாங்குகிற பெண்ணின் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகும், மூன்று பேர் எழுந்து வந்து கதவைத் தட்டுவார்கள். இதை வைத்து லைனைப் புனிதமாக்க நான் தயாராக இல்லை. அந்தச் சத்தம் கேட்டும் சாதி பார்த்து எழாதவர்களும் அதே லைனில் இருந்தார்கள். ஆனால் கட்டளையாக வந்த ஒரு சொல்லுக்குச் சனம் தானாக வைத்த பொருள் இது, துரையும் கங்காணியும் வைக்காதது. தனித்தனி வீடு கிடைக்கிற நாளில் இது என்னவாகும் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். வீடு வேண்டாம் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை.

மனு மேலே போயிருக்கிறது. இடம் கொடுத்தால் அந்த இடத்துக்கு என்ன பேர் வைப்பது என்று இப்போதே சண்டை தொடங்கிவிட்டது. இளைஞர்கள் அம்பேத்கர் நகர் என்கிறார்கள். முகவரியில் அம்பேத்கர் நகர் என்று இருந்தாலே இன்டர்வியூவில் காகிதத்தைத் திருப்பி வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அது இன்னொரு காலனியாகிவிடும் என்று அவர்களின் அம்மாக்களே எதிர்க்கிறார்கள். இளைஞர்களுக்குக் கோபம், "அப்ப அவனுக்காகப் பேர் வைக்கணுமா?" மனுவைத் திருத்தின அக்கா இரண்டு பக்கமும் சேரவில்லை. பட்டாவில் தன் பெயர் ஒழுங்காக எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறார்; மஸ்டர் ரோலில் முப்பத்தெட்டு வருஷமாக அவர் பெயரைத் தப்பாகத்தான் எழுதியிருந்தார்களாம்.